உயர்மலை வீடுகளின் வெளிப்புறப் பூச்சு

உயர்மலை வீடுகளின் வெளிப்புறப் பூச்சு என்பது மலைப்பகுதி வீடுகளின் வெளிச்சுவர்களை வெயில், பனி ஆகியவற்றிலிருந்து காக்கப் பூசப்படும் வண்ணப்பூச்சு ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஆஸ்பென் நகரின் ஆடம்பர மர வீடுகள் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

சிதைவு

உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் புற ஊதாக் கதிர்வீச்சு சுமார் 10 விழுக்காடு மிகுகிறது. புதிதாய் விழுந்த பனி அதில் 80 விழுக்காடு வரை எதிரொளிக்கிறது. இக்கதிர்கள் பூச்சிலுள்ள பிசினைச் சிதைப்பதால் நிறமி தூளாக உதிர்கிறது. விரிசல்களில் புகும் பனிநீர் இரவில் உறைந்து விரிவதால் பூச்சு உரிகிறது.

பூச்சு முறை

அக்ரிலிக் பூச்சு நெகிழ்வுடையது. குளிரில் சரியாகப் படலமாகாததால் கோடையில் பூசப்படுகிறது. மரத்தின் வரிகள் தெரியவேண்டி ஒளிபுகும் பூச்சும் பூசப்படுவதுண்டு. நிறமி குறைந்த அது கதிர்களைக் குறைவாகவே தடுப்பதால், அடிக்கடி மறுபூச்சு தேவைப்படுகிறது.