இராபின்சன் பூங்காவிலிருந்து கோட்டைக்கு

காசிமேட்டை அடுத்த இராயபுரத்தில், மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் நெருங்கி வாழும் பகுதியில் அமைந்த இராபின்சன் பூங்காவில், 1949 செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில்தான் திராவிட முன்னேற்றக் கழகம் மக்கள்முன் அறிவிக்கப்பட்டது. திராவிடநாடு, அதாவது இந்திய ஒன்றியத்திலிருந்து தென்னகம் பிரிந்து அமையும் தனிநாடு, அன்று அதன் தலையாய குறிக்கோளாக இருந்தது. 1952 பொதுத்தேர்தலில் கழகம் தான் நிற்காமல், அக்கோரிக்கையைச் சட்டமன்றத்தில் ஆதரிப்பதாகக் கையொப்பமிட்ட வேட்பாளர்களை ஆதரித்தது. அவ்வாறு ஆதரவு பெற்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் இராஜாஜி அமைச்சரவையிலும், உழைப்பாளர் கட்சியின் இராமசாமி படையாட்சியார் பின்னர் காமராசர் அமைச்சரவையிலும் சேர்ந்துகொண்டனர். 1956இல் திருச்சி மாநாட்டில் வாக்கெடுப்பு நடத்தித் தேர்தலில் நேரடியாக இறங்கக் கழகம் துணிந்ததற்கு இந்தப் பட்டறிவையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

கொள்கை தளர்ந்த கதையில் பெரிதும் மறக்கப்பட்டவர் ஈ.வெ.கி. சம்பத். திராவிடநாடு கைகூடாத ஒன்று என்று வெளிப்படையாகச் சொன்ன அவர், 1961இல் கழகத்தை விட்டு வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். 1962இல் சீனப் போர் மூண்டது. மறு ஆண்டு நிறைவேறிய அரசமைப்பின் 16ஆவது திருத்தம், வேட்பாளர் ஒவ்வொருவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதியேற்க வேண்டும் என்றது. பிரிவினையைக் கைவிடுவது, அல்லது தேர்தல் களத்தைக் கைவிடுவது என்ற நிலையில், கழகம் 1963இல் தன் குறிக்கோள் விதியையே திருத்திப் பிரிவினையைக் கைவிட்டது. தேர்தலில் நிற்காத பெரியாரின் திராவிடர் கழகத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. அது தனித் தமிழ்நாடு கோரிக்கையைத் தொடர்ந்து பேசியது. கழகத்தை வழிநடத்திய அண்ணாவின் முடிவு மறைவில் செய்த பேரம் அன்று. ஊரறிய விதியை மாற்றி எழுதிய நேர்மை அதில் இருந்தது. ஆயினும் அதே உண்மையை ஈராண்டு முன்னர் சொன்னவரை உள்ளே வைத்துக்கொள்ள இயலாமற்போனது கழகத்தின் குறையே.

1967 தேர்தல் கூட்டணியை 1963இன் முடிவோடு ஒன்றாக எண்ணுவது பொருந்தாது. அது சட்டத்தின் நெருக்கடியால் நேர்ந்ததன்று. வாக்குகள் சிதறாமலிருக்கத் தேர்ந்துகொண்ட வழி. 1953இல் குலக்கல்வி என்று கழகம் எதிர்த்த கல்வித் திட்டத்தைக் கொணர்ந்த இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும், அதற்கு நேர் எதிரான மார்க்சிஸ்ட் கட்சியும் கழகத்தோடு ஒரே அணியில் நின்றன. ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குப் பெற்றும் காங்கிரசு தோற்க, கழகம் 137 இடங்களை வென்றது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி, ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படியாகச் சுருங்கியது. படி என்பது தானியம் அளக்கும் முகத்தலளவை. நாட்கூலியில் உலை வைக்கும் வடசென்னைக் குடும்பத்துக்கு அந்த ஒரு படியும் சிறிதன்று. எனினும் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் அது.

விட்டுக்கொடுக்காதவையும் உண்டு. 1967இலேயே இயற்றிய சட்டத்தால் சுயமரியாதைத் திருமணங்கள், அதாவது புரோகிதரும் சடங்கும் இன்றி மணமக்கள் உறுதிமொழி கூறி நடத்துபவை, சட்டப்படி செல்லும் என்றாயின. அதற்கு முன்னர் அம்முறையில் மணந்து, நீதிமன்றத்தின் கண்ணில் மணமாகாதவர்களாகவே வாழ்ந்துவந்த இணையர்களின் திருமணங்களுக்கும் அச்சட்டம் ஏற்பளித்தது.