தாழ்வு ஸ்பிரிங் (எஸ்டேட் கார்களுக்குரியது)

மோட்டார் வண்டியின் உடல் தரையை அண்டி நிற்கவும், வளைவுகளில் அதன் சாய்வு குறையவும் வேண்டி, ஆலையில் பூட்டிய சுருளை நீக்கி அதன் ஸ்தானத்தில் இடப்படும், உயரம் குறைந்து விறைப்பு மிகுந்த எஃகுச் சுருளே தாழ்வு ஸ்பிரிங் ஆகும். கம்பி விட்டத்தின் நான்காம் படிக்கு நேர் விகிதத்தில் விறைப்பு பெருகுமாதலால், ஏனைய அளவுகள் மாறாதிருக்க, கம்பி 10 சதவீதம் பருத்தாலே விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும்.

பின்புறம் சாமான் ஏற்றுவதற்கென்றே அமைந்த எஸ்டேட் காருக்கு, அதே மாதிரியின் செடான் வண்டிக்குரிய பின்சுருளைப் பூட்டுவது, இயல்பான பாரத்திலேயே பின்பாகம் தாழ்ந்து ரப்பர்த் தடுப்பில் மோதும்படி செய்யும் அவிவேகம். ஆகவே பின் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட பாரமே தேர்வின் முதற் பிரமாணம்.

1994ஆம் ஆண்டு பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் எஸ்டேட் உருவிலேயே ஓடிக் காண்போரை வியப்பித்த வால்வோ 850, சுருள் தேர்வில் இத்தகைய கவனம் வேண்டும் எஸ்டேட்டுக்குத் தக்க உதாரணம். அவ்வகை எஸ்டேட்டுகள் சிலவற்றில், வண்டி ஓடும் அசைவினாலேயே அழுத்தம் பெற்றுத் தன் உயரத்தைத் தானே சமன்செய்யும் நிவோமாட் என்னும் ஷாக் அப்சார்பர் உண்டு. பாரத்தில் ஒரு பங்கை அதுவே சுமப்பதால், உடன் அமைந்த சுருள் மென்மையானது. சாதாரணத் தாழ்வு ஸ்பிரிங்கை இடுவோர், நிவோமாட்டையும் நீக்கிச் சாதாரண ஷாக் அப்சார்பரையே பூட்டுதல் அவசியம். பின்னர்ச் சக்கரக் கோணங்களையும் முகவிளக்கின் நோக்கையும் திருத்துவர்.