போயாக் பங்காளிகள்

பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் பட்டியல் கேட்டதும், போர்தோ தரகர்கள் சந்தை விலையை வைத்தே மெடாக் ஒயின்களை ஐந்து தரமாகப் பிரித்ததும் சென்ற வாரத்தோடு முடிந்த கதை. இந்த வாரம், திராட்சை வேரை உறிஞ்சிக் கொல்லும் பைலாக்சரா பூச்சி தோட்டங்களைச் சூறையாடியதைச் சொல்வதாக இருந்தேன். பூச்சி காத்திருக்கட்டும். 1855 பட்டியலில் ஒரு பெயர் என்னை நகரவிட மாட்டேன் என்கிறது.

லாஃபீட், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன் நான்கும் முதல் தரம். மூட்டோன் இரண்டாம் தரத்தின் தலையில். லண்டன் ரோத்ஷீல்ட் குடும்பத்து நத்தானியேல் 1853-இல்தான் அதை வாங்கியிருந்தார். வாங்கிய சூட்டோடு இந்த அவமானம். 1868-இல் வெந்த புண்ணில் வேல்: அவருக்குச் சித்தப்பாவும் மாமனாருமான ஜேம்ஸ், பக்கத்துத் தோட்டமான லாஃபீட்டையே வாங்கிவிட்டார்! இரு தோட்டங்களும் இருந்த போயாக் ஊரில் அன்று தொடங்கிய பங்காளிக் காய்ச்சல் நூறு வருஷம் தணியவில்லை.

இனி நம் கதாநாயகன். நத்தானியேலின் கொள்ளுப்பேரன் பிலிப், 1922-இல் இருபது வயதில் மூட்டோன் பொறுப்பை ஏற்றார். நாடகப் பித்து, கார்ப் பந்தயப் பித்து இரண்டும் உண்டு. குடும்பப் பெயரை மறைத்து ஓட்டி, 1929 மொனாகோ பந்தயத்தில் நான்காவதாக வந்தவர். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் 1924-இல். அதுவரை ஒயின் பீப்பாயோடு வியாபாரிகளிடம் போகும்; புட்டியில் அடைப்பது அவர்கள் கையில். அங்கே என்ன கலந்தார்கள் என்று யார் கண்டது? என் விளைச்சலை என் வீட்டிலேயே அடைப்பேன் என்றார் பிலிப். பட்டியல் போட்ட தரகர்களைவிட ஒயினுக்கு அதிக நன்மை செய்தவர் இவர்தான் என்பேன்.

போர் வந்தது. பிலிப் தப்பி இங்கிலாந்தில் பிரெஞ்சுத் தளபதி த கோலின் படையில் சேர்ந்தார். மனைவி எலிசபெத், ராவன்ஸ்ப்ரூக் என்ற நாஜி முகாமில் இறந்தார். வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்தைத் தாங்கிய 1945 மூட்டோன் புட்டிக்குச் சேகரிப்பாளர்கள் இன்றும் சொத்தை விற்கத் தயார். அதிலிருந்து ஆண்டுதோறும் ஓர் ஓவியரின் படம் லேபிளில் ஏறியது. பிராக், டாலி, ஷகால் எல்லாரும் வரைந்தார்கள். கூலி பணமல்ல, பெட்டி பெட்டியாக ஒயின்.

1973-இல் விவசாய அமைச்சர் ஜாக் ஷிராக் கையெழுத்திட, மூட்டோன் முதல் தரமானது. அந்த ஆண்டு லேபிளில் பிக்காசோ ஓவியம். மூன்றே ஆண்டில் பாரிஸில் பெயரை மறைத்து நடந்த ருசிப் போட்டியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் முதலிடம் பிடித்தது. 1970 மூட்டோனுக்கு இரண்டாம் இடம்! வேறொருவராக இருந்தால் வழக்குப் போட்டிருப்பார். பிலிப் கலிஃபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவியோடு கூட்டு சேர்ந்து ‘ஓபஸ் ஒன்’ தயாரிக்கத் தொடங்கினார். முதல் விளைச்சல் 1979.