ஈர்வாளும் இயந்திர வாளும்

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம், தன் பெயரிலேயே ஒரு காட்டைத் தாங்கி நிற்கும் ஊர். புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் வழிபட்ட தலம் என்பது ஊர் வழக்கு. இறைவன் திருப்பெயரும் வியாக்கிரபுரீசுவரர். பெயரில் நின்ற வனம் நிலத்தில் நில்லாமைக்குக் காரணம் கூற வருவோர் கோடரியையே குறிப்பர். வாளின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

குழியும் வாளும்

'ஈர்தல்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு அறுத்தல், இழுத்தல் என்னும் இரு பொருளும் உண்டு. இழுக்கும்போதே அறுப்பதாகிய கருவிக்கு ஈர்வாள் என்னும் பெயர் எத்துணைப் பொருத்தமானது! குழியின் மேல் மரத்தைக் கிடத்தி, கரிநூலால் கோடிட்டு, மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நின்று அறுப்பது பழைய முறை. மேலே நின்றவர் கோடு பிறழாமல் பார்த்துக்கொள்வார்; கீழே நின்றவர் மரத்தூளைத் தலையிலும் கண்ணிலும் ஏற்பார். இருவர் மூச்சும் ஒத்தாலன்றிப் பலகை நேராகாது. ஒரு மரம் பலகையாக நாள்கள் பல ஆயின. அதனால், எம்மரத்தை வெட்டுவது, எதை விடுவது என்று எண்ணிப் பார்க்கப் பொழுதும் இருந்தது.

எஞ்சின் வந்த கதை

சங்கிலியில் பல் பதித்து அறுக்கும் எண்ணம் முதலில் மருத்துவத்தில் தோன்றியது. ஜெர்மானியரான பெர்ன்ஹார்டு ஹைனே, 1830-ஐ ஒட்டி, எலும்பறுக்கும் சங்கிலி வாளொன்றை அமைத்தார்; அது கையால் சுழற்றப்பட்டது. மரத்திற்கான பெட்ரோல் வாளை எமில் லெர்ப் 1927-இல் ஜெர்மனியின் டோல்மார் மலையில் இயக்கிக் காட்டினார். அதன் எடை 58 கிலோ. ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1929-இல் வெளியிட்ட வாள் 46 கிலோ. அவற்றைத் தூக்க இருவர் வேண்டும். குழி மறைந்தது, ஆயினும் இரண்டாம் ஆள் மறையவில்லை.

1950-இல் ஷ்டீல் நிறுவனம் ஒருவரே கையாளக்கூடிய 16 கிலோ வாளை உருவாக்கியது. 1959-இல் அது 12 கிலோ ஆயிற்று. இதற்கிடையே அமெரிக்காவில், மரம் வெட்டும் தொழிலாளியான ஜோசப் காக்ஸ், 1946-இல் அடிமரமொன்றில் வண்டின் புழு மரத்தைக் குடைவதைக் கண்டார். அதன் தாடைகள் இடமும் வலமுமாகச் சீவிச் செல்வதைக் கூர்ந்து நோக்கி, அவ்வாறே சீவும் பற்களைச் சங்கிலியில் அமைத்தார். இன்றைய சங்கிலிப் பற்கள் அப்புழுவின் வழிவந்தவையே.

பழையதும் புதியதும்

பழைய வாளைச் சாய்த்துப் பிடித்தால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சேராமல் எஞ்சின் நின்றுவிடும். சவ்வு பொருத்திய கார்புரேட்டர் அக்குறையைப் போக்கியது. 16 அல்லது 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்த நிலை மாறி, இன்று 50-க்கு ஒன்று போதுகிறது, புகையும் குறைந்தது. அதிர்வால் விரல்களில் குருதி ஓட்டம் தடைப்பட்டு அவை வெளுத்துப்போகும் நோய்க்குப் பழைய தொழிலாளர் ஆளாயினர். 1960-களில் வந்த அதிர்வு தாங்கிகள் அத்துன்பத்தைக் குறைத்தன. நுனி மரத்தில் முட்டி வாள் முகத்தை நோக்கித் தெறிக்கும்போது சங்கிலியை நிறுத்தும் தடை, 1970-களில் பரவியது. இன்று ஐந்து கிலோ அளவிலான வாள்கள் எளிதிற் கிடைக்கின்றன. பேட்டரியால் ஓடுவனவும் வந்துவிட்டன. பழைய வாளுக்கும் ஒரு சிறப்புண்டு: அதனைத் தொழிலாளியே பிரித்துப் பழுது நீக்கிப் பூட்ட முடிந்தது. மின்னணுக் கட்டுப்பாடுடைய புதிய வாள் பழுதுபட்டால் கடைக்குத்தான் போகவேண்டும்.

மாறாதது ஒன்றுண்டு. சங்கிலியின் பல் மழுங்கினால் இன்றும் உருண்டை அரத்தைக் கையிலெடுத்துப் பல் பல்லாகத் தீட்டுவோரே மிகுதி. வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் அரத்தையும் மரத்தையும் ஒரே குறளில் நிறுத்தினார். கூர்மை மட்டும் போதாது என்பதே அங்கு அவர் கூறவந்தது.

கணக்குக் காட்டுதல்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் தோட்ட வாரியத்தையும் ஏரி வாரியத்தையும் பேசுகின்றன. வாரியத்தில் அமர வயதும் நிலமும் கல்வியும் தகுதிகளாக விதிக்கப்பட்டன. முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படவில்லை. தோட்டத்தை மேற்பார்க்கவும் தகுதி கேட்ட மண் இது. ஆனால் பணம் கொடுப்பார் எவர்க்கும் கிடைக்கும் இயந்திர வாள் எத்தகுதியையும் கேட்பதில்லை. செங்கற் சூளைகளுக்குப் பனைகள் இரையாகிவந்த நிலையில், 2021 ஆகஸ்டில் வெளியான தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என அறிவித்தது. கணக்குக் கேட்கும் பழைய மரபின் புதிய குரலாக இதனைக் கொள்ளலாம்.

58 கிலோ ஐந்து கிலோவானது மனித அறிவின் வெற்றி; தொழிலாளியின் விரல்கள் காக்கப்பட்டது அதனினும் பெரிய வெற்றி. ஆயினும், நாள்கணக்கான உழைப்பு முன்பு அளித்த சிந்திக்கும் பொழுதைச் சில நிமிடங்களில் வீழ்த்தும் வாள் அளிப்பதில்லை. அப்பொழுதை ஊரார் தாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கையிலுள்ள சுமை குறைந்த அளவிற்குப் பொறுப்பின் சுமை ஏறினால்தான், வனத்தைப் பெயரில் மட்டும் தாங்கும் ஊர்களின் எண்ணிக்கை பெருகாதிருக்கும்.