ஆயாவின் கையும் ஊரின் கையும்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்களை முதலில் டச்சுக்காரர் கல்லறைக்குத்தான் கூட்டிப்போவார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். உள்ளே பெயரும் வருடமும் வெட்டிய கற்கள். 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியவர்கள் துணியை ஏற்றினார்கள். மனிதர்களையும் வாங்கி அடிமைகளாகப் பட்டாவியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். ஏற்றியவனுக்குக் கல் இருக்கிறது. ஏற்றப்பட்டவனுக்குப் பெயர்கூட இல்லை.

கடல் கடந்து வந்தவர்களைப் பற்றிய பேச்சை வெளியார் இந்தக் கல்லறையோடு முடித்துக்கொள்கிறார்கள். எங்கள் சேரியில் இன்னொரு பேச்சு உண்டு. அது என் ஆயாவின் கையைப் பற்றியது.

ஏரியில் வலை போடுகிற இடத்துக்கும் முறைக்கும் 'பாடு' என்று பெயர். எந்த நாளில் யார் எங்கே வலை இறக்குவது என்பதைப் பட்டினவர் ஊர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். அந்தச் சீட்டில் சேரிக்காரன் பெயர் வராது. வலை இல்லாதவர்களுக்கு மிச்சம் இருந்தது கைதான். ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். இருளர்களும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். கலங்கல் தண்ணிக்குள்ளே விரல்தான் கண்.

அந்த விரல் 1950களில் ஆயாவுக்கு மரத்துப்போனது. சிப்பி கிழித்து ரத்தம் ஓடும், அவளுக்குத் தெரியாது. "கையி ஊமையாப் பூடுச்சிடா. கெளுத்தி முள்ளு குத்துனாக்கூட சொல்லாது" என்பாள். பிறகு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கின. ஊர் அதைப் பெருவியாதி என்றது. ஏற்கெனவே ஊருக்கு வெளியே இருந்த சேரிக்கும் வெளியே அவளுக்கு ஒரு குடிசை போட்டார்கள். போட்டவர்கள் நம் ஜனங்கள்தான். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

இந்த ஒதுக்கலுக்குச் சட்டமும் இருந்தது. வெள்ளைக்கார அரசு 1898இல் தொழுநோயாளர் சட்டம் கொண்டுவந்தது. பொது இடத்தில் பிச்சை எடுப்பவர், பிழைக்க வழி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் திரிபவர் ஆகியோரை அது 'ஏழைத் தொழுநோயாளி' என்றது. அப்படிப்பட்டவரை வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம், விடுதியில் அடைக்கலாம். அதே நோய் வந்த ஜமீன்தாரைப் பிடித்து அடைக்க அதில் இடமில்லை. சட்டம் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தொழுநோயாளி தின்பண்டமோ குடிக்கிற பொருளோ விற்க அரசு தடை போடலாம். குறிப்பிட்ட பொதுக் கிணற்றில், குளத்தில் தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் தடை போடலாம். ரயிலைத் தவிர வாடகை வண்டிகளில் ஏறவும் தடை போடலாம்.

கிணறு, குளம், வண்டி, சோறு. தோழர்களே, இந்தப் பட்டியலை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? 1927இல் மகாட் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் குடித்ததற்காக அங்கே வந்திருந்த தலித்துகள் அடிபட்டார்கள். அவர்களுக்கு எந்த நோயும் இல்லை. தொழுநோயாளரை ஒதுக்குகிற வழக்கம் ஐரோப்பாவிலும் இருந்தது உண்மைதான். ஆனால் இங்கே அந்தச் சட்டத்துக்கு முன்னாலேயே சாதி அதே பட்டியலை எழுதாமலே நடத்திக்கொண்டிருந்தது. அந்தச் சட்டம் 2016இல்தான் ரத்தானது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று பல சமயங்களின் சட்டங்களில் இருந்த விதி 2019இல்தான் நீங்கியது.

இந்தப் பட்டியலுக்குள்ளேதான் மிஷனரிகள் வந்தார்கள். அயர்லாந்துக்காரர் வெல்லெஸ்லி பெய்லி 1869இல் அம்பாலாவில் தொழுநோயாளர்களைப் பார்த்தார். 1874இல் அவர்களுக்காகவே ஒரு மிஷனைத் தொடங்கினார். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பாளையங்கோட்டையில் பள்ளிகளைத் தொடங்கியவர்களும் கடல் கடந்து வந்த பெண்கள்தான். செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில், சீனாவில் பிறந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் காக்ரேன் வேலை செய்தார். டாப்ஸோன் மருந்தை இந்தியாவில் முன்னோடியாகக் கொடுத்துப் பார்த்தவர் அவர். 1955இல் அந்த இல்லம் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமானது.

கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாக 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் மருத்துவராக வேலூர் வந்தார். காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய் நோயாளிகளைக் காட்டினார். மடங்கிப்போன கை ஒன்றுக்குள் பிராண்ட் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. கை சாகவில்லை, சில நரம்புகள்தான் செத்திருக்கின்றன என்று அவருக்கு அப்போது புரிந்தது. முன்கையில் நல்ல தசைகள் மிச்சமிருந்தன. அப்படிப்பட்ட தசை ஒன்றின் தசைநாரைத் திருப்பிவிட்டு, வேலையை விட்ட தசையின் வேலையை அதைச் செய்ய வைத்தார். 1940களின் கடைசியில் வேலூரில் தொடங்கிய இந்த அறுவை சிகிச்சையால் மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

அவர் கண்டு சொன்ன இன்னொரு விஷயம் இதைவிடப் பெரியது. தொழுநோயில் விரல் தானாக அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், வெட்டிக்கொள்கிறார்கள், தூங்கும்போது எலி கடித்தாலும் தெரிவதில்லை. காயந்தான் விரலைத் தின்கிறது. ஆகவே காலைக் காப்பாற்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வந்தது. செருப்புத் தைக்கிறவனைத் தீட்டு என்ற நாட்டில் செருப்பே மருந்தானது.

இதையெல்லாம் வெள்ளைக்காரர் மட்டுமே செய்தார்கள் என்று எழுதுவது தப்பு. கேரளத்துப் பெண் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் திறந்த மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பு. ஊனமுற்றவர் என்றால் உதவி வாங்குகிறவர் மட்டும்தான் என்கிற நினைப்பை அவர் உடைத்தார்.

என் ஆயாவும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். விரல் நிமிர்ந்து வந்தாள். "அந்த தொர எங்கையத் தொட்டாருடா. வெறுங்கையாலத் தொட்டாரு" என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் படித்த பிறகு, மிஷனரி என்றால் மதம் மாற்ற வந்தவன், ஏகாதிபத்தியத்தின் ஆள் என்று அவளிடம் விவாதம் செய்திருக்கிறேன். "உங்கொள்கக்காரன் எவனாச்சும் வந்து தொட்டானா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டாள். எனக்கு இன்றைக்கும் பதில் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அறுவையால் விரல் நிமிரும், உணர்ச்சி திரும்பாது. சேற்றைத் தடவினால் இறாலும் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். கைத்தொழில் போனது. வலைப்பாட்டில் பங்கு இருந்திருந்தால் மரத்த கையாலும் கரையில் நின்று ஒரு வேலை பார்த்திருப்பாள். பங்குதான் இல்லையே. கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். கையைப் பார்த்ததும் வாங்க வந்தவர்கள் திரும்பிப்போனார்கள். வாங்கிய ஒன்றிரண்டு பேரும் காசை மேலேயிருந்து போட்டார்கள். அது வியாதிக்காகவா, சாதிக்காகவா என்று கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே தூரந்தாண்டா" என்றாள்.

வேலூரிலும் இதே சிக்கல் வந்தது. கை சரியான நோயாளிகள் திரும்பி வந்து குறை சொன்னார்கள் என்று பிராண்டின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கை நன்றாக இருப்பதால் பிச்சை குறைந்துவிட்டது, நோயின் அடையாளம் இருப்பதால் வேலையும் கிடைக்கவில்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் 1951இல் தொழில் கற்றுக்கொடுக்க 'நவஜீவன நிலையம்' வந்தது. அங்கே தச்சு கற்றார்கள், பொம்மை செய்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் அது வளாகத்துக்குள் நடந்தது. வளாகத்துக்கு வெளியே இருக்கிற ஊரை எந்த மிஷனரியும் அறுவை செய்ய முடியாது. அந்த வேலை நம்முடையது. அதை நாம் இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை.

1980களில் வந்த கூட்டு மருந்து இன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் நோய் குணமாகும். பொதுச் சுகாதாரப் பிரச்சனை என்ற அளவில் தொழுநோயை ஒழித்துவிட்டதாக 2005 இறுதியில் அரசு அறிவித்தது. ஆனாலும் உலகில் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்களே. தோலில் உணர்ச்சியில்லாத திட்டு தெரிந்தால் மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். ஆயாவுக்கு அதைச் சொல்ல அன்று ஆள் இல்லை.

மாணவத் தோழர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். மிஷன் வரலாறுகளில் மருத்துவர் பெயர் இருக்கும், பணம் கொடுத்த சீமாட்டி பெயர் இருக்கும். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டவர்கள், மலச்சட்டி எடுத்தவர்கள் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை. "தொர ஒரு நாளு தொட்டாரு, அவ தெனமும் தொட்டா. நம்ம ஜனந்தான்" என்று ஒரு பெண்ணைப் பற்றி ஆயா சொல்வாள். பெயர் கேட்டால், "அக்கான்னுதான் கூப்புடுவோம்" என்பாள். அப்படி வேலை செய்தவர்களில் சிலராவது இன்னும் உயிரோடு இருப்பார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.