முதலில் பேசுபவரின் சிக்கல்: போக்கர் மேசையில் ரீ-ரெய்ஸை எதிர்கொள்ளல்

304 விளையாடி வளர்ந்தவர்களுக்கு முதல் ஆளாகக் கேட்பதிலுள்ள சங்கடம் தெரியும். மற்றவர்களிடம் என்ன இருக்கிறது என்ற தடயமே இல்லாமல் வாய் திறக்க வேண்டும். போக்கரில் இந்த இடத்தை ‘ஏர்லி பொசிஷன்’ என்பார்கள். அங்கிருந்து நாம் ரெய்ஸ் செய்த பின், பின்னால் இருப்பவர் அதை மேலும் உயர்த்தினால் என்ன செய்வது? புலம்பெயர் நாடுகளில் விளையாடும் நம்மவர்களின் காசு அதிகம் கரைவது இந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

இலண்டனில் 1/2 பவுண்ஸ் நோ-லிமிட் ஹோல்டெம் மேசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்பது பேர். ஒவ்வொருவர் முன்னும் 400 பவுண்ஸ், அதாவது பெரிய பிளைண்டின் 200 மடங்கு. வழமையான 100 மடங்கின் இரட்டிப்பு இது. பிரித்தானியாவில் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்ஸ். அந்தக் கணக்கில் ஏறத்தாழ 33 மணிநேர உழைப்பு ஒரே ஆட்டத்தில் போய்விடலாம்.

நீங்கள் 6 பவுண்ஸுக்கு உயர்த்துகிறீர்கள். கடைசியாகப் பேசும் பட்டன் இடத்தில் இருப்பவர் 20 ஆக்குகிறார். பிளைண்ட் இருவரும் விலகுகிறார்கள். அவர் 20 ஐ வைத்து, பொட்டில் கிடக்கும் 9 ஐ எடுக்கப் பார்க்கிறார். நூறில் 69 தடவைக்கு மேல் நீங்கள் விலகினால், கையில் எந்தச் சீட்டு இருந்தாலும் அவருக்கு இலாபம். ஆகவே 31 சதவீதமாவது தாக்குப்பிடிக்க வேண்டும்.

இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. முன்னிடத்திலிருந்து 12 சதவீதத்துடன் விளையாடினால் 159. அதில் 31 சதவீதம் ஏறத்தாழ 50. ஏஸ் முதல் பத்து வரையான ஐந்து ஜோடிகளும் சேர்ந்து 30, ஏஸ்-கிங் 16, ஒரே இன ஏஸ்-குயின் 4. கணக்கு முடிந்தது. ஏஸ்-ஜாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க இடமில்லை. சிறிய மேசைகளில் பலர் பெரிய ஜோடி இல்லாமல் ரீ-ரெய்ஸ் செய்வதே இல்லை. அப்படிப்பட்டவரிடம் நான் இந்த 50 ஐயும் குறைத்துவிடுவேன்.

இனி ஆழத்தின் பிரச்சினை. 14 பவுண்ஸ் கொடுத்து கோல் செய்தால் பொட் 43, உங்களிடம் மிச்சம் 380. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. 100 மடங்கு மேசையில் இது நான்கு மடங்குதான். அங்கே குயின் ஜோடியுடன் முழுவதையும் தள்ளிவிடலாம். இங்கே அப்படியல்ல. மூன்று சுற்றிலும் நீங்களே முதலில் பேச வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் பொட் வீங்கும். ஒற்றை ஜோடிக்காக 400 பவுண்ஸ் கொடுப்பது பெரும்பாலும் தவறு.

சிறிய ஜோடிகளுக்கு மட்டும் ஆழம் உதவும். முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் மூன்றாவது சீட்டு வந்து சேரும் வாய்ப்பு 11.8 சதவீதம். 14 கொடுத்து 380 ஐக் குறிவைப்பது 27 மடங்கு. 100 மடங்கு மேசையில் அது 13 தான். ஆனாலும் முதலில் பேசுபவருக்கு எதிராளி முழுப் பணத்தையும் தந்துவிடுவார் என்று நம்பக்கூடாது.

திருப்பி உயர்த்துவதென்றால் 55 அளவில் போடுங்கள். ஏஸ், கிங் ஜோடிகளோடு எப்போதாவது ஒரே இன ஏஸ்-ஐந்தையும் கலக்கலாம். உங்களிடம் ஒரு ஏஸ் இருந்தால், எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கக்கூடிய வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறையும்.

அடிக்கடி ரீ-ரெய்ஸ் செய்பவர் உங்கள் இடப்பக்கம் இருந்தால் இடம் மாற்றித் தரும்படி கேளுங்கள். அவர் உங்கள் வலப்பக்கம் வந்துவிட்டால், பெரும்பாலான ஆட்டங்களில் அவரே உங்களுக்கு முன் பேசுவார். கேட்பதற்குக் காசில்லை.