நூறு அடித்த கோலியாத்

1962, மார்ச் 2. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்றொரு சின்ன ஊர். சாக்லேட்டுக்குப் பேர்போனது. அங்கே ஒரு உள்ளரங்கத்தில் கூடைப்பந்து மேட்ச். பிலடெல்பியா வாரியர்ஸும் நியூயார்க் நிக்ஸும் மோதினார்கள். சீசன் முடியப் போகிற நேரம், பெரிய முக்கியத்துவம் இல்லாத ஆட்டம். டி.வி. கேமரா எதுவும் வரவில்லை. வந்திருந்த ஜனம் 4,124 பேர்தான்.

அன்றைக்கு ராத்திரி வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லைன், தனி ஆளாக 100 பாயின்ட் அடித்தார்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு. அன்றைய விதிப்படி ஒரு கூடை போட்டால் 2 பாயின்ட். எதிராளி தப்பாட்டம் ஆடினால், கோட்டில் நின்று யாரும் மறிக்காமல் வீச ஒரு வாய்ப்பு தருவார்கள். ஃப்ரீ த்ரோ என்று பெயர். அதற்கு 1 பாயின்ட். சேம்பர்லைன் அன்று 36 கூடைகள் போட்டார், 72 ஆச்சா? 32 ஃப்ரீ த்ரோ வீசி 28 போட்டார். கூட்டிக்கொள்ளுங்கள், சரியாக 100.

கடைசிக் கால்பகுதி கிட்டத்தட்ட சர்க்கஸ். நூறு வாங்கிக்கொடுத்த அணி என்ற கெட்ட பெயர் வரக்கூடாதே என்று நிக்ஸ்காரர்கள் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டு நேரம் கடத்தினார்கள். பந்து சேம்பர்லைன் கைக்குப் போகாமல் இருக்க மற்றவர்களைப் பிடித்து இழுத்தார்கள். பதிலுக்கு வாரியர்ஸ்காரர்களும் வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடிப் பந்தைத் திரும்ப வாங்கினார்கள். ஆட்டம் முடிய 46 விநாடிகள் இருக்கும்போது நூறு வந்தது. முடிவு 169க்கு 147, வாரியர்ஸ் வெற்றி.

அந்த ஆட்டத்துக்குப் படம் கிடையாது. வானொலி வர்ணனையின் ஒரு பகுதி மிஞ்சியிருக்கிறது. அப்புறம் ஒரு புகைப்படம். ஒரு தாளில் 100 என்று எழுதி, அதைக் கையில் கொடுத்து எடுத்தது. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் சேம்பர்லைன்.

2006-ல் கோபி பிரயன்ட் ஒரே ஆட்டத்தில் 81 அடித்தபோது உலகமே வாயைப் பிளந்தது. அப்போதும் நூறுக்கு இன்னும் 19 பாக்கி!

இப்படிப்பட்ட மனிதரை அமெரிக்கா எப்படிக் கொண்டாடியிருக்க வேண்டும்? ஆனால், அவர் விளையாடிய காலம் முழுக்க அவருக்குக் கிடைத்த பட்டம் வேறு. 'தோற்பவர்'.

1936-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். உயரம் 7 அடி 1 அங்குலம். பத்திரிகைகள் 'வில்ட் தி ஸ்டில்ட்' என்று எழுதின. ஸ்டில்ட் என்றால் பொய்க்கால் கட்டை. அந்தப் பெயர் அவருக்கு அறவே பிடிக்காது. நண்பர்கள் வைத்த 'டிப்பர்' என்ற பெயர்தான் இஷ்டம். எந்த வாசலில் நுழைந்தாலும் தலையைக் குனிந்துதான் போகவேண்டும், அதனால் அந்தப் பெயர்.

தோல்விக் கதை கல்லூரியிலேயே தொடங்கிவிட்டது. 1957-ல் தேசிய இறுதிப் போட்டி. கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். மூன்று முறை கூடுதல் நேரம் கொடுத்து, கடைசியில் 54-53 என்று ஒரே ஒரு பாயின்டில் தோற்றார்கள். தொடரின் சிறந்த வீரர் விருது மட்டும் இவருக்குத்தான்!

படிப்பை முடிக்காமலே வெளியே வந்தார். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கும்வரை என்.பி.ஏ. என்கிற தொழில்முறை லீகில் சேர முடியாது என்று விதி. அதனால் ஒரு வருஷம் ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் அணியோடு ஊர் ஊராகப் போய் வேடிக்கை ஆட்டம் ஆடினார். மாஸ்கோவரைக்கும் போனார்கள்.

1959-ல் வாரியர்ஸில் நுழைந்தார். முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 37.6 பாயின்ட். சிறந்த புதுமுகம், சிறந்த வீரர், இரண்டு விருதும் ஒரே வருஷத்தில். மூன்றாவது சீசன்தான் நாம் ஆரம்பத்தில் பார்த்தது. 80 ஆட்டம், 4,029 பாயின்ட், சராசரி 50.4. ஒரு ஆட்டம் 48 நிமிடம்தான். ஆனால் அவர் ஆடியதன் சராசரி 48.5 நிமிடம். எப்படி? கூடுதல் நேரத்திலும் ஆடினாரே! அந்த சீசன் முழுக்க அவர் களத்துக்கு வெளியே இருந்தது பத்து நிமிடம்கூட இல்லை.

சரி, அந்த வருஷம் சிறந்த வீரர் விருது யாருக்கு? பில் ரஸ்ஸலுக்கு. பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காரர். ஓட்டுப் போட்டவர்கள் எதிரெதிராக நின்று மோதிய சக வீரர்கள்.

ரஸ்ஸல் பாயின்ட் குவிக்கிற ஆள் இல்லை. மறிப்பார், தட்டிவிடுவார், மற்றவர்களை ஆடவைப்பார். 13 சீசனில் 11 முறை கோப்பை. சேம்பர்லைனின் வாழ்க்கையில் குறுக்கே நின்ற மலை அவர்தான். 1962-ல் ஐம்பது சராசரியோடு போன வாரியர்ஸை செல்டிக்ஸ் ஏழாவது ஆட்டத்தில் 109-107 என்று வீட்டுக்கு அனுப்பியது. 1965-ல் மறுபடி ஏழாவது ஆட்டம், 110-109. ஒன்று, இரண்டு பாயின்ட் வித்தியாசம்தான். ஆனால் ஊருக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. 'இவன் தனக்காக ஆடுகிறான், அவன் அணிக்காக ஆடுகிறான்.' அவ்வளவுதான் தீர்ப்பு. கோலியாத்துக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள் என்று சேம்பர்லைன் அடிக்கடி புலம்புவார்.

லீகும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. கூடைக்கு அடியில், தாக்கி ஆடுபவர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாத கட்டம் ஒன்று உண்டு. 1964-ல் அதன் அகலத்தை 12 அடியிலிருந்து 16 அடியாக்கினார்கள். உயரமான ஆட்களைக் கூடையைவிட்டுத் தள்ளி நிறுத்த!

ஆனால், அவரை மிக அதிகமாகத் தோற்கடித்தது ரஸ்ஸலும் இல்லை, விதியும் இல்லை.

அந்த 32-க்கு 28 ஃப்ரீ த்ரோவை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? சேம்பர்லைனின் மொத்த வாழ்க்கையில் ஃப்ரீ த்ரோ சதவிகிதம் வெறும் 51.1. இரண்டு வீசினால் ஒன்று வெளியே. ஹெர்ஷியில் மட்டும் எப்படி? அந்த சீசனில் அவர் வீசும் முறையை மாற்றியிருந்தார். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்காலுக்கு நடுவே தாழ்த்தி, கீழிருந்து மேலே தூக்கிப்போடுவது. 'பாட்டி ஸ்டைல்' என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் பலன் தந்தது. அந்த சீசனில் 61.3 சதவிகிதம், அவர் வாழ்நாளின் உச்சம்.

அப்புறம்? விட்டுவிட்டார்! பழையபடி தலைக்கு மேலிருந்தே வீச ஆரம்பித்தார். 1967-68 சீசனில் 38 சதவிகிதத்துக்குப் போய் விழுந்தது. கீழிருந்து வீசும்போது பெண்பிள்ளை மாதிரி தோன்றியது, வெட்கமாக இருந்தது, தப்பு செய்கிறேன் என்று தெரிந்தும் மாற முடியவில்லை என்று பிறகு சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். ஏழடி உயர மனிதர். பத்துப் பேர் மறித்தாலும் பயப்படாதவர். நாலு பேர் சிரிப்பார்களே என்பதற்குப் பயந்தார். ஒரு பாயின்ட், இரண்டு பாயின்டில் கோப்பைகள் கைநழுவிய மனிதர்!

ஆனால், வேறு ஒன்றை அவரால் விட முடிந்தது. 1966-67. இப்போது அவர் பிலடெல்பியா 76ers அணியில். பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம், 'நீ குறைவாக அடி, மற்றவர்களுக்குப் பந்தைக் கொடு' என்றார். ஏழு வருஷம் தொடர்ந்து லீகில் முதலிடம் பிடித்த ஆளிடம் இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! கேட்டுக்கொண்டார் சேம்பர்லைன். சராசரி 33.5-லிருந்து 24.1-க்கு இறங்கியது. முதலிடம் போனது. அணி 81 ஆட்டத்தில் 68 ஜெயித்தது. தொடர்ந்து எட்டுக் கோப்பை வாங்கியிருந்த செல்டிக்ஸை 4-1 என்று நொறுக்கிவிட்டுக் கோப்பையைத் தூக்கியது.

பழி தீர்ந்ததா? ம்ஹும். 1969-ல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்காக மறுபடி ரஸ்ஸலோடு இறுதிப் போட்டி, மறுபடி ஏழாவது ஆட்டம். கடைசி நிமிடங்களில் முழங்காலில் அடிபட்டு வெளியே வந்தார். திரும்ப இறங்குகிறேன் என்றார், பயிற்சியாளர் விடவில்லை. 108-106, இரண்டு பாயின்டில் தோல்வி. ஓய்வு பெற்ற ரஸ்ஸல் பிற்பாடு கல்லூரி மாணவர்களிடம் பேசும்போது, அந்த அடிக்கெல்லாம் வெளியே போயிருக்கக்கூடாது என்று குத்திவிட்டார். களத்துக்கு வெளியே இருவரும் சிநேகிதர்கள். பண்டிகைக்கு ரஸ்ஸல் வீட்டில் சேம்பர்லைன் சாப்பிட்ட காலமெல்லாம் உண்டு. அன்றோடு பேச்சு நின்றது. இருபது வருஷத்துக்கு மேல்!

1971-72 சீசனில் லேக்கர்ஸ் தொடர்ச்சியாக 33 ஆட்டம் ஜெயித்தது. சேம்பர்லைனுக்கு 35 வயது. சராசரி 14.8 பாயின்ட்தான். கையில் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கி, கடைசி ஆட்டத்தில் 24 பாயின்ட் அடித்தார். கோப்பை கிடைத்தது, இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும். அடுத்த வருஷம் ஓய்வு. மொத்தம் 31,419 பாயின்ட். 1,045 ஆட்டங்களில் ஒருமுறைகூடத் தப்பாட்டம் மிஞ்சி வெளியேற்றப்பட்டதில்லை. அவ்வளவு பலசாலி!

எண்கள் மட்டும் கடைசிவரை அவரைத் துரத்தின. 1991-ல் எழுதிய புத்தகத்தில் தன் வாழ்க்கையில் 20,000 பெண்கள் வந்துபோனதாக ஒரு கணக்கைப் போட்டார். அப்புறம் ஊர் நூறையும் ஐம்பதையும் மறந்துவிட்டு அதையே பேசிச் சிரித்தது.

1999, அக்டோபர் 12. லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் இதயம் செயலிழந்து இறந்துபோனார் சேம்பர்லைன். வயது 63. அதற்குள் ரஸ்ஸல் மன்னிப்புக் கேட்டு, இருவரும் சமாதானமாகியிருந்தார்கள். நினைவுக் கூட்டத்தில் எழுந்து பேசியவர்களில் ரஸ்ஸலும் ஒருவர். 'தனக்காக ஆடுகிறவன்' என்று ஊர் சொன்ன மனிதர் தன் சிநேகிதர் என்று சொல்ல, பதினொரு கோப்பைக்காரரே வந்திருந்தார்.